பச்சைப் புள்ளிக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன்

அருளு,

அம்மாவிடமிருந்து கூரியர் என்றதும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பயப்படாதே, உயிரோடு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் என் வாயில் "நல்லாருக்கேன் கண்ணு" என்பது தானாக வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வேறு எதையும் சொல்ல நாக்கு எழமாட்டேன் என்கிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. ஜெர்மனியில் மூன்று வருஷ வேலை வந்திருக்கிறது, அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். கூடவே ஒன்று சொன்னாய்: "அம்மா, அந்தக் களேபரத்துக்கு அப்புறம் ஒருநாள்கூட சிவப்பு வரல. எல்லாமே பச்சை. நித்யாகிட்டயும் காட்டினேன். அத்தை தனியா சூப்பரா சமாளிக்கிறாங்க, தைரியமா போலாம்னு அவளும் சொல்றா." நான் என்ன சொன்னேன்? "எனக்கென்னப்பா, ராஜாவாட்டம் போய்ட்டு வா" என்றேன். சொல்லிவிட்டுப் போனைக் கட்டிலில் போட்டேன். அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. நீ போனில் பார்க்கிற அந்தப் பச்சைப் புள்ளி நான் இல்லை, அருளு. நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

நித்யாவும் கூட உட்கார்ந்து படிப்பாள் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது ஹால் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஒட்டினாய். உடம்புச் சூட்டோடு யாராவது அதன் முன் நடந்தால் அது உணர்ந்துகொள்ளும், உன் போனில் பச்சைப் புள்ளி வரும். அரை நாளுக்கு எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளி சிவப்பாகிவிடும். வாழ்க்கை முழுக்க அனல்மின் நிலையத்தில் சென்சார்களோடு மாரடித்தவள் நான், என் வீட்டுச் சுவரிலேயே ஒரு சென்சார்! "டேய், எவ்வளவு நடந்தேன், எப்படி நடந்தேன்னு இது சொல்லுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா? நீ இருக்கியா இல்லியா, அது தெரிஞ்சா போதும். ஒன்னு, இல்லன்னா ஜீரோ" என்று ஸ்டூல் மேல் நின்றபடியே சிரித்தாய். நானும் சிரித்தேன். இருக்கியா இல்லியா என்ற கேள்வி மட்டும் நீ இறங்கிப்போன பிறகும் என் காதிலேயே நின்றது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஸ்கூல் கண்காட்சிக்கென்று நீ ஒரு சமாச்சாரம் செய்தாய். பக்கெட்டின் வாய்க்குக் கொஞ்சம் கீழே இரண்டு ஒயர், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர். தண்ணீர் ஏறி ஒயரைத் தொட்டதும் கீ கீ என்று கத்தும். நீ தெருவுக்கே கேட்கிறாற்போல ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தாய். நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து காபியோடு உட்கார்ந்த உன் அப்பா, "பாதி பக்கெட் இருந்தா இது இன்னாடா சொல்லும்?" என்று கேட்டார். "ஒன்னும் சொல்லாதுப்பா." "அப்ப பாதி ரொம்பியிருக்கறதும் ஒரு சொட்டு இல்லாததும் இதுக்கு ஒன்னுதானா?" உனக்கு வந்ததே கோபம், முகம் சிவந்து, "ஒங்களுக்கு எலக்ட்ரானிக்ஸே தெரியாது" என்று ஒயரைப் பிடுங்கி எறிந்தாய். அவர் பாவம், கேலி பண்ணவேயில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான்தான் நடுவில் புகுந்து உன்னைச் சமாதானம் செய்தேன். ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து, பாதி பக்கெட்டாகத் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கே அது உறைக்கிறது.

நீ காலேஜில் டிஜிட்டல் படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுத்தாய். ஐந்து வோல்ட் சர்க்யூட், இரண்டு வோல்ட்டுக்கு மேலே வந்தால் ஒன்று, முக்கால் வோல்ட் பக்கம் இறங்கிவிட்டால் ஜீரோ. "நடுவுல நின்னா?" என்று கேட்டேன். "நடுவுல நிக்கவே விடக்கூடாதும்மா. நின்னா அதை ஒன்னுன்னும் எடுத்துக்கும், ஜீரோன்னும் எடுத்துக்கும், நம்பவே முடியாது. டிசைன் பண்ணவன் தப்பு." நான் அப்போது உன்னோடு மல்லுக்கு நின்றேன், முள் நகர்வதைப் பார்த்தே வளர்ந்தவள் அல்லவா. கொதிகலனில் அழுத்தம் ஏறினால் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், எந்த இடத்திலும் நிற்கும், நிற்கிற இடத்துக்கெல்லாம் ஒரு அர்த்தம் உண்டு. அதுதான் அனலாக். ஆனால் உன் கட்சியிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். தூரம் போகவேண்டிய சேதியை ஒன்று ஜீரோவாக்கி அனுப்பினால்தான் கெடாமல் போய்ச் சேரும். அனலாக் வழியெல்லாம் கண்ட குப்பையையும் சேர்த்துக்கொண்டு வரும், நான் பேசுகிற மாதிரி. தண்ணி லாரி வரவில்லை என்று ஆரம்பித்தால் லாரிக்காரன் பொண்டாட்டி வளைகாப்புவரை போய்த்தான் நிறுத்துவேன். நீயும் "சுருக்கமா சொல்லும்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். சுருக்கிச் சுருக்கி, கடைசியில் "நல்லாருக்கேன்" மட்டும்தான் மிச்சம்.

எங்கள் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு, உலகம் முழுக்க அதே வழக்கம்தான். தூரத்திலிருக்கும் மீட்டரிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு வருகிற கரண்ட், அளவு ஜீரோவாக இருக்கும்போதும் ஜீரோவாக வராது. நான்கு மில்லி ஆம்பியர் வரும். முழு அளவுக்கு இருபது. ஏன் நான்கில் தொடங்குகிறார்கள் என்று டிரெயினிங்கில் கேட்டபோது எங்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. விஷயம் சின்னதுதான். தொட்டியில் ஒன்றுமே இல்லை என்பதும் ஒயர் அறுந்துவிட்டது என்பதும் ஒன்றாகத் தெரியக் கூடாது. ஒன்றும் இல்லாதபோதும் "ஒன்றும் இல்லை, ஆனால் நான் இருக்கிறேன்" என்று சொல்ல அந்த நான்கு வேண்டும். உயிருள்ள ஜீரோ என்பார்கள். அப்பா போன பிறகு நீ ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது நாம் இருவரும் அதைத்தானே வைத்துக்கொண்டோம்? தினமும் சாயங்காலம் ஒரு மிஸ்டு கால். பேச ஒன்றுமில்லை, ஆனால் இருக்கிறேன். நீ ஒன்று கொடுப்பாய், நான் ஒன்று கொடுப்பேன். வேலைக்குப் போன பிறகும், கல்யாணமான பிறகும் நீ அதை விடவில்லை. சாயங்காலம் விளக்கேற்றி முடிக்கிற நேரத்துக்கு அந்த ஒரே ஒரு ரிங் வந்துவிடும். பெட்டியை மாட்டிவிட்டுப் போன வாரத்திலிருந்து அது நின்றுபோயிற்று. நீ வேண்டுமென்று நிறுத்தியிருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். பெட்டிதான் சொல்கிறதே, அப்புறம் ரிங் எதற்கு? எனக்கோ இன்னும் விளக்கேற்றியதும் கை போனைத் தேடுகிறது. உன் பக்கத்திலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த நான்கு மில்லி ஆம்பியர் அது, அருளு. எனக்குப் பச்சைப் புள்ளி காட்ட பெங்களூரு வீட்டில் நீ ஒரு பெட்டியும் மாட்டவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோமே என்பாய். பேசுகிறோம். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது, உன் பாடத்திலேயே உள்ளதுதான். ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கிற ஒன்றை நீ எப்போதாவது ஒருமுறை அளக்கிறாய், ஒவ்வொரு தடவையும் அது மேலே ஏறி நிற்கிற நேரமாகவே பார்த்து அளக்கிறாய் என்றால், அது ஆடவேயில்லை என்றுதான் நினைப்பாய். நீ கூப்பிடுவது ஞாயிறு காலை பத்து மணிக்கு. அதற்குள் நான் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போய், மீன்காரியோடு சண்டை போட்டு, நாலு பேரைப் பார்த்து நலம் விசாரித்து, குளித்து முடித்துப் பளிச்சென்று உட்கார்ந்திருப்பேன். வாரத்திலேயே என் குரல் நன்றாக இருக்கிற நேரம் அது. நீ செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிட்டிருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, கொடியில் காய்ந்த துணியில் படிந்த சாம்பல் தூளைத் தட்டி மடித்து வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் இருக்காது. டவுன்ஷிப் பக்கமிருந்து ஷிப்ட் சங்கு ஊதும். அந்தச் சத்தத்துக்கு இன்னும் உடம்பு எழுந்து நிற்கிறது, பார்த்துக்கொள். எழுந்து நின்றபிறகுதான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வரும். எனக்கு ரிட்டயர்மென்ட் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணினேன். போய் நிற்கப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தது, கம்மாபுரத்துப் பக்கம், அந்த இடம் இப்போது மைன்ஸுக்குள் இருக்கிறது. மாடியில் இந்த இரண்டு அறைகள்தான் மிச்சம். தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து பலாப்பழ நாளில் ஒரு கூத்து நடந்ததே, அந்தக் களேபரத்தை நித்யாவுக்குச் சொல்லியிருப்பாய், என் பக்கத்தைச் சொல்லியிருக்கமாட்டாய். என்னோடு வேலை பார்த்த சரோஜா முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போனேன். பேச்சு சுவாரசியத்தில் போனைப் பைக்குள் போட்டு மறந்துவிட்டேன். இங்கே ஹாலில் அசைவில்லை, உன் போனில் சிவப்பு. நீ கீழ்வீட்டு மல்லிகாவைக் கூப்பிட, அவள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அலற, அவள் வீட்டுக்காரர் கதவிலேயே பதித்திருந்த பூட்டைக் கடப்பாரையால் உடைத்துவிட்டார். நான் மடியில் பலாப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினால் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்று, "யாருக்குங்க இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். "மேல்வூட்டு அம்மா போயிடுச்சாம்" என்றார் ஒருவர், என் முகத்தைப் பார்த்தே! இன்றைக்கும் தெருவில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நீ போனில் போட்ட சத்தம் எனக்குச் சிரிப்பாக இல்லை. "இனிமே இப்படி ஒரு தடவை சிவப்பு வந்துச்சு, ஒன்ன நேரா கொண்டுபோய் முதியோர் இல்லத்துல சேத்துடுவேன், பாத்து வச்சிருக்கேன்" என்றாய். கோபத்தில் சொன்னாய், பயந்துபோயிருந்தாய், எல்லாம் சரி. ஆனால் "பாத்து வச்சிருக்கேன்" என்ற வார்த்தை கோபத்தில் வருகிற வார்த்தை இல்லை.

பயந்த பெண்பிள்ளை என்ன செய்வாளோ தெரியாது, நான் ஒரு டெக்னீஷியன் செய்வதைச் செய்தேன். அந்தப் பெட்டிக்குச் சிவப்பே வராதபடி பார்த்துக்கொள்ள முடிவு செய்தேன். முதலில் டேபிள் ஃபேனின் கூண்டில் ஒரு பழைய புடவைத் துண்டைக் கட்டி ஆடவிட்டேன். அது ஏமாறவில்லை. அப்புறம்தான் தலையில் குட்டிக்கொண்டேன். அது அசைவைப் பார்ப்பதில்லை, சூடு அசைவதைத்தான் பார்க்கிறது. பரணில் கிடந்த ஒரு குண்டு பல்பைத் தேடி எடுத்து ஃபேனுக்குப் பின்னால் எரியவிட்டேன். ஃபேன் தலையில் ஒரு அட்டையைக் கட்டினேன். ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பத் திரும்ப, அட்டை பல்பின் சூட்டை மறைக்கும், விடும், மறைக்கும், விடும். பெட்டிக்கு யாரோ உலாத்துகிற மாதிரி. வாட்டர் ஹீட்டருக்கு என்று நீ வாங்கிக் கொடுத்த டைமரையும் அதில் மாட்டி, காலையும் மாலையும் தானாக ஓடும்படி வைத்தேன். உனக்குப் பச்சை வருகிறதா என்று சோதிக்க ஒருநாள் முழுக்க அடுப்படியை விட்டு நான் வெளியே வரவில்லை. "என்னம்மா இன்னிக்கு செம சுறுசுறுப்பு போல" என்று சாயங்காலம் உன் மெசேஜ். அடடா, எனக்கு வந்த பெருமையைக் கேட்காதே! வேலையை விட்டு வந்தபிறகு என் கை அப்படி ஒரு காரியம் செய்து ஜெயித்தது அன்றைக்குத்தான். சரோஜாவுக்குப் போன் பண்ணி விழுந்து விழுந்து சிரித்தோம்.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. மீட்டரைக் கழற்றி வேலை பார்க்கும்போது, அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டியிலிருந்து பொய்யாக ஒரு கரண்டைக் கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பிக்கொண்டிருப்போம். சிமுலேட்டர். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பொய் அது. பக்கத்தில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும், கன்ட்ரோல் ரூமில் சொல்ல வேண்டும், ஷிப்ட் முடிவதற்குள் கழற்ற வேண்டும். ஒருமுறை நான் ஷிப்டுக்குப் போனபோது பேப்பர் சுருளில் பேனா கோடு போடுகிற ரெக்கார்டரில் ஒரு கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நடுங்கி நடுங்கிப் போகிறது, இது மட்டும் கல்லு மாதிரி. "நல்லாதானே மேடம் இருக்கு?" என்றார் உட்கார்ந்திருந்தவர். நிஜமான அளவு எதுவும் அவ்வளவு நல்லாயிருக்காது, அருளு. கொஞ்சமாவது ஆடும். ஏணியில் ஏறிப் போய்ப் பார்த்தால் முந்தின ஷிப்ட்காரர் மாட்டிய சிமுலேட்டர், அட்டையும் இல்லை. நல்லவேளை, அசம்பாவிதம் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அந்த ஆளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன், கேன்டீன்வரைக்கும் கேட்டிருக்கும். அப்படிப்பட்டவள் என் சொந்த வீட்டில் சிவப்பு அட்டை கட்டாமல் சிமுலேட்டரை ஓடவிட்டேன். நீயும் டிஜிட்டல் படித்த புள்ளை, இத்தனை மாதம் ஒரு தடவைகூடப் பிசகாமல் பச்சை வருகிறதே என்று உனக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன். அறுபது தாண்டிய ஒருத்தி தனியாக இருக்கிறாள், ஒருநாளாவது படுத்துக் கிடக்கமாட்டாளா?

படுத்துக் கிடந்தேன். ஜெர்மனி பேச்சு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், காலையில், பாத்ரூமில். சோப்புத் தண்ணியில் கால் வழுக்கி விழுந்தேன். இடது கணுக்கால் உடம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. போன் ஹாலில் சார்ஜில். கத்தினேன். கீழே மல்லிகா வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்குக் கேட்கும்? அப்போது ஹாலில் டைமர் டொக்கென்று விழுந்தது. ஃபேன் கிளம்பியது. அது ஓரத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் க்ரீச்சென்று ஒரு சத்தம் வரும், எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். க்ரீச். இந்தப் பக்கம். க்ரீச். அந்தப் பக்கம். நான் ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடக்கிறேன், அது அங்கே உனக்கு "அம்மா நல்லாருக்கா, அம்மா நல்லாருக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. உன் போனில் அந்த நிமிஷம் பச்சைப் புள்ளி வந்திருக்கும். நீ பார்த்துவிட்டுத் திருப்தியாக வேலையைப் பார்த்திருப்பாய். ஃபேனை நிறுத்து, நிறுத்து என்று நானே கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்றுகூடத் தெரியவில்லை. அழுதேன். உன் அப்பா போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை, அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்தாய்.

வெயில் ஜன்னலுக்கு ஏறிய பிறகு மல்லிகாதான் வந்தாள். அன்றைக்குப் பூட்டை உடைத்தபோது மாற்றிய பூட்டின் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, தூக்கி உட்காரவைத்து, துணி மாற்றி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாவுக்கட்டுப் போட்டார்கள். வழியில் அவளிடம், "நான் கத்தினது கேட்டுதா மல்லிகா?" என்று கேட்டேன். "ஒன்னியும் கேக்கலக்கா. அதான் வந்தேன்" என்றாள். "தொவைச்சிகினே இருந்தேன். தெனம் இந்நேரத்துக்கு நீங்க காக்காவ திட்டுவீங்க, தண்ணி வண்டிக்காரன திட்டுவீங்க, பாத்திரத்த தொம்முன்னு போடுவீங்க. இன்னிக்கு ஒரு சத்தமும் காணம். ஃபேன் மட்டும் கீச்சு கீச்சுன்னுது. போட்டது போட்டபடி ஏறி வந்தேன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் திட்டுவதையெல்லாம் ஒருத்தி தினம் கேட்டுக்கொண்டு துணி துவைக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாயங்காலம் உன் மெசேஜ் வந்தது: "ஆல் ஓகேம்மா?" மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறும் வீடியோ வேண்டாம், கேமரா மங்கலாக இருக்கிறது என்று சொன்னது பொய். ஃபேனையும் நிறுத்தவில்லை. கால் நொண்டுகிறது என்று தெரிந்தால் உன் இல்லம் தயாராக இருக்குமே என்ற பயம்.

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் என் பொய்யை நம்பி நீ கடல் தாண்டப் போகிறாய். முதியோர் இல்லத்துக்குப் பயந்து மாட்டிய ஃபேன் என் பிள்ளையையே மூன்று வருஷம் தூரத்துக்கு அனுப்பப் பார்க்கிறது. தப்பான ரீடிங்கை வைத்துக்கொண்டு யாரும் வால்வைத் திறக்கக் கூடாது, எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அதனால் சரியான ரீடிங்கை எழுதுகிறேன். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. படி இறங்க முடியவில்லை, மீன்காரியோடு சண்டை இல்லை. மல்லிகா மூன்று வேளையும் எட்டிப் பார்க்கிறாள், அவள் வீட்டுக் குழம்பில் புளி அதிகம், சொல்ல முடியாமல் சாப்பிடுகிறேன். ராத்திரியைவிட மத்தியானம்தான் கஷ்டம். பாத்ரூமுக்குப் போகும்போது பயமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒருமுறையாவது உன் அப்பாவோடு சத்தமாகப் பேசுகிறேன், அது பைத்தியமா என்று தெரியவில்லை. இல்லத்துக்குப் போகமாட்டேன், அதில் மாற்றமில்லை, தூக்கிக்கொண்டு போனாலும் திரும்பி வந்துவிடுவேன். உங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொன்னால் என்ன சொல்வேன் என்று கேட்காதே, நீ இன்னும் கேட்கவில்லை.

போகாதே என்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். போ என்று எழுதிப் பார்த்தேன், அதையும் கிழித்தேன். நீ சொன்னாயே, நடுவில் நிற்கவே விடக் கூடாது என்று. நான் அங்கேதான் நிற்கிறேன். நீ நன்றாக வர வேண்டும் என்றும் இருக்கிறது, நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது, இரண்டும் நிஜம், இரண்டும் ஒரே நேரத்தில். இதை ஒன்றாகவோ ஜீரோவாகவோ ஆக்கி உன்னிடம் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. முடிவு உன்னுடையது. நித்யாவோடு உட்கார்ந்து பேசு, அவளும் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும். எந்த ஊருக்குப் போனாலும், எந்தப் பெட்டியை எந்தச் சுவரில் மாட்டினாலும், அந்தச் சாயங்கால ரிங்கை மட்டும் மறுபடி ஆரம்பி. நீ இருக்கிறாய் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

மல்லிகா கூரியர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், இதோடு முடிக்கிறேன். டைமரைப் பிடுங்கிவிட்டேன். பல்பைக் கழற்றிப் பரணில் போடச் சொல்லிவிட்டேன். கட்டிலில் இருக்கிறவள் ஹாலுக்கு எத்தனை தடவை நடந்துவிடப் போகிறேன்? சிவப்பு வரும், அடிக்கடி வரும். பூட்டை உடைக்க ஆள் அனுப்பாதே. பெட்டி பழுதாகவில்லை, இத்தனை மாதத்தில் இப்போதுதான் அது சரியாக வேலை செய்கிறது. சிவப்பைப் பார்த்ததும் போன் பண்ணி "நல்லாருக்கியாம்மா" என்றும் கேட்காதே, என் வாய் பழையபடி பொய் சொல்லிவிடும். அதனால் இங்கேயே, பேனாவில் எழுதிவிடுகிறேன். நான் நல்லாயில்லடா, அருளு. பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருதரம் வந்து என்னைப் பார்.

அம்மா